லிஃப்டுக்குள் சிரிக்கக் கூடாது

லிஃப்ட் மெக்கானிக் என்றால் லிஃப்டில்தான் போவார் என்று நாம் நினைப்போம். இவர் போக மாட்டார். எத்தனை மாடியானாலும் சரி, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறித்தான் போவார். ஏன் என்று கேட்டால், "அது எப்படி நிக்கும்னு எனக்குத் தெரியும். எப்ப நிக்கும்னு தெரியாதே" என்று முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொல்வார். கேட்டவர்கள் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசிப்பார். கம்பெனியில் அவருக்குப் படிக்கட்டார் என்று பெயர் விழுந்துவிட்டது. அவரும் ரோஷப்படவில்லை. போனை எடுத்தால், "படிக்கட்டார் பேசுறேன்" என்பார்.

லிஃப்டுக்குள் ஏற மாட்டாரே தவிர, அதன் தலைமேல் ஏறுவார். வேலையே அங்கேதான். கூண்டை நடுவழியில் நிறுத்திவிட்டு அதன் கூரையில் உட்கார்ந்து, கம்பிவடம் தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். பக்கத்து இரும்புத் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட வேண்டும். சில கட்டடங்களில் ஒரே குழிக்குள் இரண்டு லிஃப்ட் ஓடும். இவர் ஒன்றின் தலைமேல் உட்கார்ந்திருக்க, இன்னொன்று ஆட்களோடு பக்கத்தில் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருக்கும். உள்ளே இருப்பவர்கள் பேசுவதெல்லாம் தகரத்தைத் தாண்டிக் காதில் விழும். மாமியாரைத் திட்டுவார்கள், மேனேஜரைத் திட்டுவார்கள். தனியாக இருப்பவர்கள் பாட்டுகூடப் பாடுவார்கள். படிக்கட்டார் எதையும் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். தொழில் தர்மம்.

அப்படி ஒருநாள், பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றின் இருட்டுக் குழிக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து லிஃப்ட் கீழேயிருந்து கிளம்பியது. அதற்குள்ளிருந்து அவர் மனைவியின் சிரிப்பு கேட்டது.

முதலில் மூக்குக்குள் ஓர் அடக்கல். பிறகு ஒரு சின்ன நிறுத்தம், வாயை இறுக்க மூடிக்கொண்டதுபோல. அப்புறம் 'க்ளுக்' என்று ஒன்று தப்பித்து வெளியே வரும். அவ்வளவுதான், அணை உடைந்துவிடும். உலகத்தில் வேறு யாரும் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பு கீழிருந்து ஏறி வந்து, அவர் காதை உரசிக்கொண்டு, மேல் மாடிக்குப் போய்விட்டது. டார்ச் வாயிலிருந்து விழுந்து, அடியில் எங்கேயோ மோதி அணைந்தது.

அவர் மனைவிக்குக் குரல் கிடையாது. தொண்டையில் கட்டி வந்து, குரலா உயிரா என்று டாக்டர் கேட்டு, இதிலென்ன கேள்வி என்று இருவரும் ஒரே மூச்சில் பதில் சொல்லி, குரல்வளையை எடுத்து ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூச்சுவிடக் கழுத்தின் அடியில் ஓர் ஓட்டை, அதை மறைக்க ஒரு மெல்லிய துணி. கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச உதவும் கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். ஒரே ஒருமுறை அதை வைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, 'உங்க லிஃப்ட் மாடி நம்பர் சொல்ற மாதிரி இருக்கு' என்று போனில் தட்டிக் காட்டி, அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டாள். அதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, உங்களுக்கு இந்த ஃபிரேம்தான் எடுக்கும் என்று பேசிப் பேசியே விற்றுவிடுவாள். பேச்சில்லாமல் அந்த வேலை இல்லை என்று விட்டுவிட்டாள்.

இப்போது எல்லாமே போனில் தட்டிக் காட்டுவதுதான். சண்டையும் அப்படியே. அவள் மளமளவென்று தட்டி நீட்டுவாள். படிக்கட்டார் பதில் தெரியாத இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிடுவார். அதற்குமேல் அவள் என்ன எழுதினாலும் செல்லாது. ஆக, குடும்பம் நன்றாகத்தான் ஓடியது. ஒன்றுதான் நின்றுபோயிருந்தது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் அவளுடைய அக்கா குடும்பத்தோடு பார்க்க வந்தாள். அக்கா ஏதோ சொல்ல, இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வரவில்லை. கழுத்து ஓட்டையிலிருந்து 'புஸ் புஸ்' என்று காற்று வந்து துணியைத் தூக்கிப் போட்டது. கூட வந்திருந்த சின்னக் குழந்தை அதைப் பார்த்துப் பயந்து வீறிட்டு அழுதுவிட்டது. குழந்தை என்ன செய்யும், பாவம். ஆனால் அவள் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு உள்ளே போனவள்தான். அதற்குப் பிறகு சிரிக்கவே இல்லை. யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால், அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து போய்விடுவாள்.

அவள் திரும்பச் சிரிக்க வேண்டும். படிக்கட்டாருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை எதுவும் இல்லை. சத்தம் வராது என்று தெரியும். வராவிட்டால் போகட்டும், சிரித்தால் போதும் என்று வெளியே சொல்லிக்கொள்வார். உள்ளுக்குள் சத்தத்துக்கும் சேர்த்துத்தான் ஏங்கினார்.

குழியிலிருந்து மேலே ஏறி மெஷின் ரூமுக்கு வந்ததும், அங்கே மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளியிடம், லிஃப்டுக்குள் யாரோ ஒரு பெண் சிரித்தாளே, கேட்டதா என்று பேச்சோடு பேச்சாக விசாரித்தார். எப்படிச் சிரித்தாள் என்று கூட்டாளி கேட்க, இவருக்குத் தெரிந்த மட்டில் செய்து காட்டினார். ஒரு குதிரை தும்மியதுபோல இருந்தது. கூட்டாளிக்கு உடனே புரிந்துவிட்டது. "அட, அதுவா? இது தெரியாதா உங்களுக்கு? எல்லாரும் அதைத்தான போட்டுக்கிட்டிருக்காங்க" என்று தன் போனை எடுத்தான்.

கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டு, முட்டவே இல்லை என்பதுபோல நடந்துபோகும் பூனை. பின்னணியில் அந்தச் சிரிப்பு. சம்பள உயர்வு பற்றி மேனேஜர் பேசுகிறார். அந்தச் சிரிப்பு. நாளையிலிருந்து உடற்பயிற்சி என்று சபதம் எடுக்கும் ஆள். அந்தச் சிரிப்பு. கூட்டாளி விரலால் தள்ளிக்கொண்டே போனான். வந்துகொண்டே இருந்தது. இது என் மனைவி என்று சொல்லப் படிக்கட்டார் வாயைத் திறந்தார். எனக்கும் ஒன்று அனுப்பு என்று மட்டும் சொன்னார்.

லிஃப்ட் உள்ள கட்டடத்தில் படிக்கட்டில் யார் வரப்போகிறார்கள்? ஏதோ ஒரு மாடித் திருப்பத்தில் சுவரோரமாக உட்கார்ந்து, ஒலியைக் குறைத்து, காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். திரும்பக் கேட்டார். அன்றிலிருந்து எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவருக்கு வேலை கொஞ்சம் தாமதமாகத்தான் முடிந்தது.

வேலைக்கு நடுவே இன்னொரு பழக்கமும் வந்தது. அதுவரை மனிதர்களைக் கண்டுகொள்ளாத ஆள், இப்போது லிஃப்டுக்குக் காத்திருப்பவர்களைக் கவனிக்க ஆரம்பித்தார். ஒருவன் போனை இன்னொருவனிடம் காட்டுவான். காட்டுகிறவன் திரையைப் பார்ப்பதே இல்லை. பார்க்கிறவனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அங்கே சிரிப்பு வந்தால்தான் இவனுக்குச் சிரிப்பு. தனியாக இருப்பவர்கள் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள். ஒரு நொடி மேலே பார்ப்பார்கள், யாரோ ஞாபகத்துக்கு வருவார்கள், உடனே விரல் ஓடும். இப்படித்தான் பரவுகிறது என்று படிக்கட்டாருக்குப் பட்டது. அது நன்றாக இருக்கிறது என்பதற்காக யாரும் அனுப்புவதில்லை. இதைப் பார்த்தால் இவள் எப்படிச் சிரிப்பாள் என்று ஒரு முகம் கண் முன்னால் வந்தால்தான் அனுப்புகிறார்கள். அவருக்கும் பூனை வீடியோவைப் பார்த்ததும் ஒரு முகம் வந்தது. விரல் அவள் பெயர்வரை போய் நின்றது. யாருக்கு எதை அனுப்புவது? அவளிடமிருந்து எடுத்ததையே அவளுக்கா? போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

இது எங்கேயிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிக்க ரொம்ப தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வீட்டுக்குள் வந்து வீடியோ எடுக்கிற ஆள் ஒருத்திதான். மனைவியின் அக்கா மகள். கடைகளுக்குச் சின்னச் சின்ன விளம்பர வீடியோ செய்து கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். படிக்கட்டார் அவள் அலுவலகத்துக்கே போய்விட்டார். ஐந்தாவது மாடி. மூச்சு வாங்க வந்து நின்ற சித்தப்பாவைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தண்ணீர் கொடுத்துவிட்டுத் தானாகவே சொன்னாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு விடுமுறையில் வந்திருந்தபோது சாப்பாட்டு மேஜையில் எடுத்தது. முதலில் முழுசாகத்தான் போட்டாளாம். சொந்தக்காரர்கள் மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். சித்தி குரல் போன பிறகு, அந்தச் சிரிப்பு எங்கேயாவது இருக்கட்டும் என்று, அதை மட்டும் வெட்டித் தனியாகப் போட்டாள். அதை யாரோ எடுத்து ஒரு நாய் வீடியோவுக்கு வைத்தார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் ஒரு வாத்தியாருக்கு வைத்தார். எடுத்துவிடலாம் என்று இவள் நினைப்பதற்குள் அது கையை விட்டுப் போய்விட்டது.

"முழுசா போட்டப்ப ஒருத்தரும் சீண்டல. வெட்டினப்ப மட்டும் ஏம்மா ஓடுது?" என்று கேட்டார்.

"முழுசுல காரணம் இருந்துச்சு சித்தப்பா. காரணம் இருந்தா அது உங்க வீட்டுச் சிரிப்பு. அதை எடுத்துட்டா யாரு வீட்டுல வேணாலும் வைக்கலாம். அப்புறம் சித்தி சும்மா சிரிக்கல, அடக்கிப் பாக்குறாங்க. சிரிக்கக் கூடாத இடத்துல மாட்டிக்கிட்டு முழிக்காத ஆளே கிடையாது. கேட்டதும் எல்லாருக்கும் அவங்கவங்க ஞாபகம் வந்துடுது."

அதெல்லாம் இருக்கட்டும், நீ வெட்டி எறிந்த அந்தக் காரணம்தான் என்ன என்று கேட்டார். அவருக்கு வேண்டியது அதுதான். எதைக் கேட்டு அப்படிச் சிரித்தாள் என்று தெரிந்தால், அதையே திரும்பச் செய்துவிடலாமே.

"நீங்கதான் இருந்தீங்க. உங்களைத்தான் வெட்டினேன்" என்றாள். "ரொம்ப சீரியஸா ஏதோ சொல்லிட்டிருந்தீங்க. சித்தி முதல்ல தட்டையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் முடியல."

என்ன சொன்னேன் என்று கேட்டார். அவளுக்கு ஞாபகம் இல்லை. முழு வீடியோ இருந்த பழைய போன் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. முதலில் போட்டதையும் எப்போதோ அழித்துவிட்டாள். படிக்கட்டார் ஐந்து மாடியும் இறங்கி வரும்வரை மண்டையைக் குடைந்தார். தான் என்ன சொன்னோம் என்று ஒன்றும் பிடிபடவில்லை. உலகம் முழுக்க அந்தச் சிரிப்பைக் கையில் வைத்திருக்கிறது. அதை வரவழைத்த ஆளுக்கு வழி மறந்துவிட்டது.

சும்மா இருக்கிற ஆளா அவர்? வீட்டில் வேலையை ஆரம்பித்தார். சீரியஸாகப் பேச வேண்டும், அவ்வளவுதானே. சாப்பிடும்போது கதவு ஏன் கிறீச்சிடுகிறது என்பதைப் பற்றி ஒரு பேருரை ஆற்றினார். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த நாள், துணி காயப் போடும் கொடி எந்தப் பக்கம் எவ்வளவு தொய்யலாம் என்று விளக்கினார். 'உடம்பு சரியில்லையா?' என்று தட்டிக் காட்டி, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில் கூட்டாளியிடம் ஜோக்குகள் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து, வரிசை மாறாமல் ஒப்பித்தார். பரீட்சைக்கு வந்த பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தவள், 'முடிஞ்சுதா?' என்று எழுதிக் காட்டிவிட்டு எழுந்து போனாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். தட்டில் சாப்பாடு காய்ந்தது.

இதற்கிடையில் ஒரு நாள், வேறொரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பட்டன் பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றபோது, இரண்டு பேர் ஒரு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவரும் எட்டிப் பார்த்தார். ஏதோ ஒரு விழா மேடை. வயதான அம்மா ஒருவர் பரிசு வாங்கப் போகிறார், கால் இடறி எல்லார் முன்னாலும் குப்புற விழுகிறார். கையிலிருந்த பை சிதறுகிறது. அந்த இடத்தில் அவர் மனைவி சிரித்தாள்.

படிக்கட்டாருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பூனைக்குச் சிரிக்கட்டும், மேனேஜருக்குச் சிரிக்கட்டும், அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவள் விழுந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவள் இல்லை. ஓடிப்போய்த் தூக்கிவிடுகிறவள். சொல்லித் தடுக்க அவளுக்கு வாயும் இல்லை. அவள் குரலை எடுத்து, அவள் செய்யாததை அதற்குள் வைத்துவிட்டார்களே என்று மனசு ஆறவே இல்லை. அந்த இரண்டு பேரையும் நாலு வார்த்தை கேட்டுவிடலாம். ஆனால் அவர்களைப்போல எத்தனை பேர்?

முகம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அறிவிப்பு. பழுது பார்க்கப்படுகிறது, கதவில் சாயாதீர், அதிகச் சுமை ஏற்றாதீர், எல்லாம் கம்பெனிக் கம்ப்யூட்டரில் தட்டி, அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு லிஃப்டுக்குள் ஒட்டுவது அவர் பொறுப்பு. அன்று மாலை எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து அதே பாணியில் ஒன்று அடித்தார்.

'பயணிகளின் கவனத்திற்கு. தற்போது பரவி வரும், அடக்க முடியாமல் வெடிக்கும் பெண் சிரிப்பொலியினை லிஃப்டினுள் ஒலிக்கச் செய்தல் கூடாது. அது ஒருவருடைய சொந்தச் சிரிப்பு ஆகும். இப்படிக்கு, பராமரிப்புப் பிரிவு.'

தன் பொறுப்பில் இருந்த எல்லாக் கட்டடங்களிலும், எத்தனை பேர் ஏறலாம் என்று போட்டிருக்கும் தகட்டுக்குக் கீழே அதை ஒட்டினார். எந்த மகராசனுக்கும் வராத யோசனை இது. தீயை ஊதி அணைக்கப் போனார், பாவம்.

முதலில் யாரோ அந்த அறிவிப்பைப் போட்டோ எடுத்துப் போட்டார்கள். யாருடைய சொந்தச் சிரிப்பு என்று கேட்க ஆரம்பித்தார்கள். லிஃப்டில் செத்துப்போன பெண்ணின் ஆவி என்று ஒருவர் சொன்னார். முதலாளியின் மனைவி என்று இன்னொருவர் சத்தியம் செய்தார். அப்புறம் அவரவர் இடத்துக்கு ஏற்றபடி ஆளாளுக்கு ஓர் அறிவிப்பு. வகுப்பறையில் கூடாது, வங்கியில் கூடாது, பல் டாக்டர் நாற்காலியில் கூடாது. எல்லாம் படிக்கட்டாரின் நடை. 'ஒலிக்கச் செய்தல் கூடாது' என்பதை இளவட்டங்கள் பேச்சிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

அத்தோடு விட்டார்களா? ஒரு கட்டடத்தில் அவர் அறிவிப்பை ஒட்டும்போது வெளியே நின்ற யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். படிக்கட்டார் அன்று வேறு வழியில்லாமல் லிஃப்டுக்குள் நின்றிருந்தார். காகிதத்தை ஒட்டுகிறார். ஒரு அடி பின்னால் வந்து பார்க்கிறார். திருப்தியில்லை. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து, காகிதத்தின் மேல் விளிம்பில் வைத்து, நீர்க்குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். ஒரு மயிரிழை நகர்த்துகிறார். மறுபடி குமிழி. பிறகு திரும்பி, நீதிபதி தீர்ப்புச் சொல்லி முடித்த முகத்தோடு நேராகப் பார்க்கிறார். லிஃப்ட் கதவு மெதுவாக மூடிக்கொள்கிறது. மூடியதும் அந்தச் சிரிப்பு.

அது எங்கெல்லாம் போனது என்று கேட்காதீர்கள். பூனையெல்லாம் காணாமல் போய்விட்டது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, யாரைக் கேட்டு ஒட்டினீர்கள், பராமரிப்புப் பிரிவு என்று போட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று பிடித்து உலுக்கினார். பாதித் திட்டில் அவருக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வர, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாவற்றையும் கிழித்தெடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அக்கா மகள் போன் செய்து, "சிரிப்பை அடக்குற சத்தத்துக்குப் போய், சிரிக்காதேன்னு போர்டு வச்சிருக்கீங்களே சித்தப்பா. இதைவிட அதுக்கு என்ன வேணும்?" என்றாள். அவள் குரலிலும் ஏதோ அடைத்துக்கொண்டுதான் இருந்தது.

படிக்கட்டாருக்குத் தன் மானம் போனது பெரிதாகத் தெரியவில்லை. அவள் பார்த்திருப்பாளோ என்பதுதான் பயம். எதிர் வீட்டு டீச்சரம்மா போனில் வருவதையெல்லாம் அவளுக்கு அனுப்புகிறவர். தினமும் எதிரில் பார்க்கிற ஆளை அந்த வீடியோவில் பார்த்தால் விடுவாரா? தன் சிரிப்பை ஊரே தூக்கிக்கொண்டு அலைகிறது என்று அவளுக்குத் தெரிந்தால் மனது என்ன பாடுபடும்? குழந்தை அழுத அன்றைக்குப் போன மாதிரி கழுத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டால், பிறகு அவளை எப்படி வெளியே கூப்பிடுவது? கிழித்த காகிதங்களைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

அவர்கள் வீடு இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் கால் வைத்தபோது கேட்டது. மூக்குக்குள் அடக்கல், ஒரு நிறுத்தம், 'க்ளுக்', பிறகு அணை உடைந்தது. டீச்சரம்மா வீட்டிலிருந்து இல்லை. அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து.

எல்லாம் தெரிந்த மனிதர்தான். டாக்டர் படம் வரைந்து காட்டியதை ஒருவரி விடாமல் கேட்டவர்தான். ஆனாலும் அந்த ஒரு கணம், படியில் ஒரு கால், கைப்பிடியில் ஒரு கை, வந்துவிட்டது என்றே நம்பிவிட்டார். மிச்சப் படிகளை ஓடி ஏறினார்.

அவள் மேஜையருகே, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் போன். தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பையை வாசலிலேயே போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நின்றார்.

"நான் நிறுத்தத்தாம்மா பாத்தேன். உன்னைச் சொல்லவே இல்ல. உன் பேரே போடல. அழாதம்மா" என்றார்.

அவள் திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர், மூக்கு சிவந்திருக்கிறது. வாய் காதுவரை போயிருக்கிறது. கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதை மூடிக்கொள்ள அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு கை போனைப் பிடித்திருந்தது, இன்னொரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. அவரைப் பார்த்ததும் இன்னும் அதிகமாயிற்று. ஏதோ தட்டப் பார்த்தாள். எழுத்து மாறி மாறி விழுந்தது. அழித்து அழித்துத் தட்டி, கடைசியில் நீட்டினாள்.

'ரசமட்டம் வேறயா?'

படிக்கட்டார் படித்தார். கேள்வி நியாயமானதாகவே அவருக்குப் பட்டது. "கோணலா இருந்தா கண்ணை உறுத்தும்ல?" என்றார்.

அவ்வளவுதான். அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துவிட்டாள். நாற்காலியே ஆடியது. எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் இந்த முறை யோசிக்கவும் இல்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் அடங்கிய பிறகு, அது உன் சிரிப்பு என்று தெரியுமா என்று மெல்லக் கேட்டார்.

'எனக்குத் தெரியாதா?' என்று தட்டினாள். 'ரொம்ப நாளா தெரியும். நீங்க வேலைக்குப் போனப்புறம் தனியா கேப்பேன். உங்க முன்னாடி போட்டா நீங்க அழுவீங்க.'

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். சண்டை எதுவும் இல்லை, இருந்தாலும் கழற்ற வேண்டியிருந்தது.

அவள் விடவில்லை. அவர் தோளை இடித்து, வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். காகிதம், ரசமட்டம், நீர்க்குமிழி, அந்த முகம். கதவு மூடியது. போனுக்குள் இருந்த அவள் சிரித்தாள், சில விநாடியில் முடித்துக்கொண்டாள். இங்கே இருந்த அவள் முடிக்கவில்லை. படிக்கட்டார் குனிந்து அவள் கழுத்தருகே காதைக் கொண்டுபோனார். காற்றுதான். ஆனால் முதலில் ஓர் அடக்கல், பிறகு ஒரு சின்ன நிறுத்தம், பிறகு ஒன்று தப்பித்து வந்தது, அப்புறம் எல்லாம் உடைந்து வந்தது. ஒன்றுகூட மாறவில்லை. குரல் மட்டும் இல்லை. அவருக்குக் குரலும் வேண்டும்போலத்தான் இருந்தது. காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.